ஏழாவது குழிக்கு ஊற்றிய தண்ணீர்

இரண்டு கைகள் குழிவெட்டியின் குறுக்குப் பிடியைப் பற்றி, வலப்பக்கம் ஒரு திருகு, இடப்பக்கம் ஒரு திருகு என்று மாறி மாறி அழுத்தின. குழாயின் கூர்விளிம்பு புல்லை அறுத்து மண்ணுக்குள் இறங்கியது. பாதி இறங்கியதும் கைகள் நின்றன. குழாய் சாயாமல் இறங்குகிறதா என்று கண் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி திருகின. வெளியே இழுத்தபோது தலையில் புல்லோடு ஒரு மண்கட்டி உருளையாக வந்தது. அதை நேற்றைய குழிக்குள் இறக்கி, விளிம்பை உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்தன. காலால் மிதித்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மிதித்த இடம் மறுநாள் தாழும். பந்து அங்கே தடுக்கும்.

வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் எழுந்து நின்று பார்த்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. இப்போது பதித்த கட்டியின் புல் ஒரு பச்சை. அதைச் சுற்றியிருந்த புல் வேறு பச்சை. ஒன்று வேர்விட்டு வளர்ந்தது. மற்றது நேற்று மாலை தெளிப்பானால் அடித்த சாயம்.

"காட்டிக்கொடுக்குதேக்கா, பொட்டு வெச்ச மாதிரி" என்றான் அவளுடைய தம்பி. புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறவன். சாயம் அவன் யோசனை.

"பொட்டு இல்லடா. ஒட்டுத் துணி."

"கொஞ்சம் சாயத்தை அதுமேலயும் அடிச்சிரவா?"

"உயிரோட இருக்கறதுக்கும் சாயமா?" என்றாள். ஆனால் தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பு அவளிடம் இல்லை.

கடலோரத்து கோல்ஃப் மைதானம் அது. மொத்தம் ஒன்பது குழிகள். ஒவ்வொரு குழியையும் சுற்றி ஒட்ட வெட்டிய புல்வட்டம் உண்டு. அதை எல்லோரும் கிரீன் என்பார்கள். அவளுக்கு அந்தக் கிரீன்கள்தான் உத்தியோகம். தினமும் விடிந்ததும் குழியை இடம் மாற்றி வெட்டுவது, நோய் பார்ப்பது, தண்ணீர் விடச் சொல்வது. பள்ளிக்கூடத்தில் படித்த வேலை இல்லை. கூலியாகக் களை பிடுங்க வந்தவள், பார்த்துப் பார்த்துக் கற்று, கடைசியில் தலைமைக்கு வந்தாள். எல்லோரும் அவளை நாக்கம்மா என்று கூப்பிட்டார்கள். காரணம், கிணறு.

மற்ற கிரீன்களுக்கு ஊர்க்குழாயிலிருந்து தண்ணீர் வந்தது. ஏழாவது குழி மட்டும் தூரத்தில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த மணல்முனையில் இருந்தது. அதற்கென்று ஒரு கிணறு. கோடையில் ஊற்று தாழ்ந்தால் கடல் உள்ளே புகுந்துவிடும். அதனால் தினமும் காலையில் அவள் ஒரு கை அள்ளி வாயில் விட்டு, நாக்கில் உருட்டிப் பார்த்து, துப்பிவிட்டு "விடலாம்" என்பாள். அப்புறம்தான் பம்ப் ஓடும். பம்ப் ஓட்டுகிறவர் அவள் வீட்டுக்காரர். இடுப்பெலும்பு முறிந்து கூடாமல் போனவர். உட்கார்ந்து பார்க்கிற அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வேலை யாரும் தரமாட்டார்கள்.

ஒருமுறை கிளப்பின் செயலாளர் உப்பு அளக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தப் பொம்மைக்கு அடிக்கடி பேட்டரி போடணும் சார். என் நாக்குக்கு ஒரு டீ போதும்" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கருவி அலமாரிக்குப் போனது. அந்தச் சிரிப்பு அவளுக்கு ரொம்ப நாள் இனித்தது.

இப்போது ஏழாவது கிரீன் செத்துக்கொண்டிருந்தது. முதலில் புல்நுனி நீலம் பாரித்தது. பிறகு வைக்கோல் நிறம். பூஞ்சை என்று நினைத்து மருந்து அடித்தாள். கேட்கவில்லை. கடற்காற்றில் காய்கிறது என்று நினைத்துத் தண்ணீரை இரட்டிப்பாக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு காய்தல் வேகமெடுத்தது. கிணற்றுத் தண்ணீரை ஒரு நாள் விடாமல் நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பின் சுவடே இல்லை. தெரிந்த வைத்தியம் எல்லாம் தீர்ந்துபோய், மூளை மரத்துப்போன ஒரு மாலையில்தான் சாயத்துக்குச் சரி என்றாள். கடல் பக்கத்து ஓரத்தில் ஒரு போர்வை அகலத்துக்கு மட்டும் புல் உயிரோடு இருந்தது. இன்றைய குழியை அங்கேதான் வெட்டியிருந்தாள்.

நாளைக்கு வருடாந்தரப் பந்தயம். அதற்கு முந்தைய நாள் அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. மைதானத்தைப் பராமரிக்கிறவரே ஒன்பது குழிகளையும் ஆடிக் காட்ட வேண்டும். செயலாளர் ஒரு புதுப்பந்தைக் கொடுப்பார், கூடவே நடப்பார். அந்த ஒரே பந்தால் கடைசிவரை ஆடி, பந்தைத் திருப்பிக் கொடுத்து, "ஒப்படைக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பந்து தொலைந்தாலோ, வார்த்தை வராவிட்டாலோ பந்தயம் பக்கத்து ஊர் மைதானத்துக்குப் போய்விடும். அப்படி ஒன்று நடக்கட்டும் என்றுதான் நிர்வாகக் குழுவில் சிலர் காத்திருந்தார்கள். பராமரிப்பை ஒரு கம்பெனிக்குக் குத்தகை விடப் பேச்சு நடந்தது. கம்பெனி வந்தால் அவள், வீட்டுக்காரர், தம்பி மூவரும் வெளியே. பம்ப் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு அறை வீடும் போகும்.

செயலாளர் குடையை ஊன்றுகோலாக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பருத்த உடம்பு, வலிக்கிற முழங்கால், ஓயாத வாய். சட்டைப்பையிலிருந்து பந்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"பத்திரம் நாக்கம்மா. போன வருஷம் மாதிரி என்னை முள்ளுக்குள்ள தேட விடாதீங்க. குனிஞ்சா நிமிர ஆள் வைக்கணும்."

"நீங்க குனியவே வேணாம் சார். பந்து நேராத்தான் போகும்."

நேராகத்தான் போனது, முதல் இரண்டு குழிகளில். அவள் ஆட்டம் அழகானது இல்லை. உறுப்பினர்கள் தூக்கிப் போட்ட மட்டைகளால் தானே பழகியது. பந்து எப்படி உருளும் என்று தெரியாமல் புல்லை எப்படி வெட்டுவது என்பதற்காகப் பழகியது. உயர அடிக்கமாட்டாள். தரையோடு தரையாக, காற்றுக்குக் கீழே தள்ளிக்கொண்டு போவாள். தம்பி மட்டைப்பையைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தான்.

மூன்றாவது குழியில் காற்று திரும்பியது. பந்து மணல்மேட்டுப் புதருக்குள் நுழைந்தது. மணல் ஓடாமல் பிடித்து நிற்பதற்காக அவளே நட்டு வளர்த்த கோரை அது. கத்திபோன்ற தாள்களை விலக்கி, மண்டியிட்டு, கையால் துழாவினாள். விரல்கள் கீறி ரத்தம் வந்தது. செயலாளர் மேட்டின்மேல் நின்று ஏதோ பாட்டை முணுமுணுத்தார். பாட்டு முடிவதற்குள் கிடைக்காவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு. அது அவருடைய சொந்த விதி.

"சார், இன்னொரு தடவை பல்லவி பாடுங்களேன்" என்று தம்பி கெஞ்சினான்.

"எனக்கு அந்த ஒரு பல்லவிதான்டா தெரியும். அதைத்தான் இழுத்துக்கிட்டிருக்கேன்."

இங்கேயே தொலைந்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. ஏழாவதைப் பார்க்காமலே எல்லாம் முடிந்துவிடும். அந்த நினைப்பு அவளையே பயமுறுத்தியது. வேகமாகத் துழாவினாள். பந்து அவள் முழங்காலுக்கு அடியிலேயே இருந்தது.

நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. ஒவ்வொரு கிரீனும் பாய் விரித்ததுபோல் இருந்தது. பந்து சொன்ன பேச்சைக் கேட்டு உருண்டது. செயலாளர் குடையின் நுனியால் புல்லைத் தொட்டு, "கம்பெனிக்காரனைக் கூட்டிட்டு வந்து இதைக் காட்டணும்" என்றார். அந்தப் பாராட்டு அவளுக்குள் கல்லாக விழுந்தது.

ஏழாவதின் தொடக்க மேடு பம்ப் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கீழே மணல்முனை, மூன்று பக்கமும் கடல், நடுவில் பச்சை வட்டம். மேலிருந்து பார்க்கையில் குற்றம் ஒன்றும் தெரியவில்லை. கொட்டகை வாசலில் அவள் வீட்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் மூச்சு வாங்கியபடி கையில் இருந்த பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினார்.

"ஒரு டம்ளர் தண்ணி குடுங்க. நாக்கு ஒட்டுது."

"வீட்டுல போய் எடுத்துட்டு வரேன் சார்" என்று வீட்டுக்காரர் எழ முயன்றார்.

"உங்க இடுப்போட நீங்க போயிட்டு வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன். கிணத்துத் தண்ணியே போதும்."

"குடிங்க சார். காலையிலகூட வாயில விட்டுப் பாத்தேன். நல்ல தண்ணி" என்று அவளே குழாயில் பிடித்துக் கொடுத்தாள்.

அவர் ஒரு வாய் குடித்தார். கண் பிதுங்கியது. புதர்ப்பக்கம் ஓடித் துப்பினார்.

"என்னம்மா இது? கடலையே மொண்டு குடுக்கறீங்க?"

வீட்டுக்காரர் டம்ளரை வாங்கி நுனிநாக்கால் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது. அவள் டம்ளரைப் பிடுங்கி மீதியை வாய் நிறைய ஊற்றிக்கொண்டாள். குளிர்ச்சியாக இருந்தது. வேறொன்றும் இல்லை. காலையிலிருந்து கடற்காற்றில் வறண்டு கிடந்த தன் உதட்டை நக்கிப் பார்த்தாள். வியர்த்த புறங்கையை நக்கினாள். ஒன்றும் இல்லை. சுவரை நக்கினால்கூட இதைவிடச் சுவை இருந்திருக்கும்.

போன குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்திருந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்தாள். வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டே சமைத்து ஊட்டினார். எழுந்த பிறகும் அடுப்பு அவரிடமே இருந்தது. அவர் வைத்த சூப்பு வெந்நீர்போல் இருக்கும். முட்டை காகிதம்போல் இருக்கும். பழைய நாக்கம்மாவாக இருந்தால் தட்டை நகர்த்திவிட்டு நாலு கேள்வி கேட்டிருப்பாள். ஆனால் தன் அழுக்குத் துணியைத் துவைத்த மனிதரிடம் எந்த வாயால் குறை சொல்வது? பேசாமல் சாப்பிட்டாள்.

"ஏங்க," என்றாள் இப்போது. "உங்க சாப்பாட்டுல உப்பு போடுவீங்களா?"

"என்ன கேக்கற? போன வாரம் ரெண்டு தடவை போட்டுட்டேன். என்னாலேயே வாயில வெக்க முடியலை. நீ மட்டும் தட்டைக் காலி பண்ணுன."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீ எனக்காகத் திங்கறேனு நெனச்சேன்ம்மா. கல்யாணமானதுலேர்ந்து உப்பு கம்மி, உப்பு ஜாஸ்தினு ஒரு வேளை விடாம சொன்னவ. திடீர்னு வாயே தெறக்கலை. மனசு இளகிட்டேனு…" அவர் தரையைப் பார்த்தார். "அது கெட்டுப்போயிருமோனுதான் நான் கேக்கலை."

"நான் உங்க சமையலே அப்படித்தான்னு இருந்துட்டேன்."

தம்பி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டான். "நல்லாக் குடும்பம் நடத்துனீங்க மாமா ரெண்டு பேரும்" என்றான் கடைசியில்.

செயலாளர் வாயைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தார். "இந்தத் தண்ணியையா அதுக்கு விடறீங்க? புல்லு பச்சையாத்தானே இருக்கு?"

"அது உப்பைத் தாங்கற ஜாதி சார்" என்று தம்பி முந்திக்கொண்டான். "அக்காதான் தேடிப் பிடிச்சு வெச்சது."

அவள் மறுக்கவில்லை. பந்தை வைத்து அடித்தாள். பந்து மேட்டிலிருந்து இறங்கி, கிரீனின் முன் ஓரத்தில் விழுந்து, குழியை நோக்கி நெடுந்தூரம் உருண்டது. "இறங்கி ஏற என் முட்டி ஒத்துக்காது, இங்கேர்ந்தே பாக்கறேன்" என்று செயலாளர் மேலேயே குடையை விரித்துக்கொண்டு நின்றார்.

அவளும் தம்பியும் இறங்கினார்கள். கிரீனில் கால் வைத்ததும் செத்த புல் சப்பென்று அமுங்கியது. பந்து குழிக்கு அருகே கிடந்தது. வெள்ளைப் பந்து பாதி பச்சையாகியிருந்தது. உப்பு படிந்த புல் கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சாயம் காயவே இல்லை.

"துடைச்சிருக்கா. சட்டையிலேயே துடை. அவர் மேல இருக்காரு" என்று தம்பி அடிக்குரலில் சொன்னான்.

அவள் முதலில் பந்தைக் குழிக்குள் தட்டினாள். பிறகு அதை எடுக்கக் குனிந்தவள் எழவில்லை. குழிக்குப் பக்கத்தில், சாயம் அடித்த இடத்தில், கட்டைவிரலை மண்ணுக்குள் விட்டு ஒரு கொத்துப் புல்லைத் தூக்கிப் பார்த்தாள். மேலே சருகு. கீழே வேர் வெள்ளையாக இருந்தது. இன்னொரு இடத்தில் பார்த்தாள். அங்கும் வெள்ளை.

"வேர் சாகலைடா."

"அதனால?"

"லாரித் தண்ணி கொண்டாந்து இன்னைக்கே மூழ்கடிச்சா உப்பு கீழ இறங்கிரும். துளிர்க்கும்."

"நாளைக்குப் பந்தயம் முடியட்டும், மூழ்கடி."

"நாளைக்கு இத்தனை காலும் இதுல மிதிச்சா, மண்ணு இறுகி உப்பு அங்கேயே நிக்கும். அப்புறம் வேர் இருக்காது. இந்த முனையில மறுபடி மண்ணு கொட்டித்தான் ஆரம்பிக்கணும்."

எட்டாவது குழி முழுக்க அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். செயலாளர் கொஞ்சம் பின்தங்கி வந்ததால் வார்த்தைகள் அவருக்குக் கேட்கவில்லை.

"புல்லுக்கா நீ பிறந்தே?" என்றான் தம்பி. "மாமா எங்க போவாரு? அந்த இடுப்பைத் தூக்கிட்டு எந்த வாசல்ல நிப்பாரு? என் பசங்களை விடு, உன் ஆளை யோசி."

"யோசிக்காம இருப்பனா?"

"அப்ப ஒரே ஒரு வார்த்தை. ஒப்படைக்கிறேன்னு சொல்லு. நாளைக்கு யாராச்சும் கேட்டா, என்னைக் கைகாட்டு. நான் சாயம் அடிச்சேன்னு நானே சொல்றேன்."

எட்டாவதில் நாலு அடி வீணாக அடித்தாள். பந்து ஈரப் புல்லில் உருண்டு கொஞ்சம் பச்சையை இழந்தது, முழுதும் போகவில்லை. தம்பி கைக்குட்டையை நீட்டியபடியே வந்தான். அவள் ஒருமுறை அதை வாங்கினாள். பந்தின்மேல் வைத்தாள். கைக்குட்டையில் பச்சை இறங்குவதைப் பார்த்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஒன்பதாவது குழி எதிர்க்காற்றில் கிளப் கட்டடத்தை நோக்கி ஏறியது. பந்து மணல்பள்ளத்தில் விழுந்தது. பள்ளத்துக்குள் நின்றபோது அவள் தலை மட்டும்தான் வெளியே தெரிந்திருக்கும். அந்த மறைவில் அவள் வாய்விட்டு ஒருமுறை அழுதாள். சத்தம் காற்றோடு போனது. பிறகு மணலை அடித்துப் பந்தை வெளியே எடுத்தாள். இரண்டு தட்டில் கடைசிக் குழிக்குள் சேர்த்தாள்.

பம்ப் கொட்டகையிலிருந்து வீட்டுக்காரர் அதற்குள் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்திருந்தார். பந்தயத்துக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் நின்றார். அவள் அவரைப் பார்த்தாள். அவள் பள்ளத்துக்குள் இருந்த நேரத்தில் அவர் தம்பியிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். "எனக்கு எங்கேயும் உக்கார ஒரு முக்காலி கிடைக்கும்மா" என்றார், வேறு யாருக்கோ சொல்வதுபோல். அது பொய் என்று மூவருக்கும் தெரியும்.

செயலாளர் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கினார். வழக்கப்படி குரலைச் சரிசெய்துகொண்டார்.

"நாக்கம்மா, மைதானத்தை ஒப்படைக்கிறீங்களா?"

"எட்டுக் குழியை ஒப்படைக்கிறேன் சார்."

"என்னது?"

"ஏழாவது இல்லை. அதை நான்தான் கெடுத்தேன். உப்புத் தண்ணி விட்டிருக்கேன். நீங்க பாத்த பச்சை வெறும் சாயம். அதுல நாளைக்கு யாரும் கால் வைக்கக் கூடாது. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள லாரித் தண்ணி வேணும். நான் இல்லாட்டியும் யாராச்சும் நின்னு, மண்ணு மூழ்கற அளவுக்கு விடணும். வேர் இன்னும் இருக்கு."

செயலாளர் கக்கத்துக் குடையை எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"இதை நான் குழுகிட்ட சொல்லியாகணும். தெரியுமில்ல?" என்றார் மெதுவாக. "பந்தயம் போயிரும். அவங்க நாளைக்கே கம்பெனிக்காரனைக் கூப்பிடுவாங்க. என்னால நிறுத்த முடியாது."

"தெரியும் சார். லாரிக்கு மட்டும் இப்பவே போன் பண்ணுங்க."

அவர் போனை எடுத்தார். லாரிக்காரரிடம் ஏழாவது குழிக்கு வழி சொன்னார். பேசி முடித்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வலது கையை விரித்து நீட்டினார். அவள் பந்தைச் சட்டையில் துடைக்காமல், புல்வேரின் மண் ஒட்டியிருந்த விரல்களால் எடுத்து, பச்சைப் பக்கம் மேலே தெரியும்படி அவர் கையில் வைத்தாள்.